ஆச்சி செய்த டகோட்டா

பள்ளுருத்தி, கொச்சி நகரத்தின் ஒரு பகுதி. அதற்கு வடகிழக்கே காயல். காயலின் நடுவே வில்லிங்டன் தீவு இருக்கிறது. கப்பல் வரும் பாதையை ஆழப்படுத்தினார்கள். அப்போது தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டினார்கள். அந்தத் தீவின் பெரும் பகுதி அப்படி உருவானதுதான். வேலையை நடத்தியவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர்.

தீவில் ஒரு விமானத் தளம் உண்டு. 1953-இல் இந்தியக் கடற்படை அங்கே ஐ.என்.எஸ். கருடா தளத்தைத் தொடங்கியது. 1999 ஜூன் மாதம் வரை பயணிகள் விமானங்களும் அங்கேதான் இறங்கின. பிறகு அவை நெடும்பாசேரிக்கு மாறின.

விமானச் சத்தம் பள்ளுருத்திக்குப் புதிதல்ல.

பள்ளுருத்தியில் ஒரு சிறிய வீடு. வீட்டில் ஆச்சி, தாத்தா, மகன், மருமகள், பேரன். ஆச்சிக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவர். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது அவருக்குப் பக்கவாதம். சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்குள் போய் வருகிறார்.

1990 பிப்ரவரி 4-ஆம் நாள் எர்ணாகுளம் மாவட்டம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வகுப்புகள் நடந்த காலத்தில் ஆச்சி கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தார். எழுத்து அவருக்குக் கைகூடவில்லை. இப்போது பேரனிடம் படிக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்கள் நன்றாக வரும். பெயரைக் கையெழுத்தாகப் போடுவார்.

அந்த வாரம் வீட்டுக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, பேரன் கொண்டு வந்த விமானப் படம். மற்றொன்று, அவர்கள் கட்டப் போகும் புது வீட்டின் பிளான். இரண்டிலும் மூலையில் ஒரே எண் இருந்தது.

1 : 100

"இது என்னலே கணக்கு?" என்று கேட்டார் ஆச்சி.

டகோட்டா என்றால் என்ன?

பேரனின் பள்ளியில் கண்காட்சி. ஒவ்வொருவரும் ஒரு மாதிரி செய்ய வேண்டும். பேரன் டகோட்டா விமானத்தைத் தேர்ந்தெடுத்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் விமானப்படையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். தாம்பரத்தில் பயிற்சி பெற்றவர். டகோட்டாவைக் கையால் தொட்டுப் பழுது பார்த்தவர். அவர் மாலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, டகோட்டான்னா ஆளா, ஊரா?" என்றார் ஆச்சி.

பெரியவர் சிரித்தார். பிறகு விவரம் சொன்னார்.

அமெரிக்காவில் டக்ளஸ் என்ற நிறுவனம் இருந்தது. அது டி.சி. 3 என்ற பயணிகள் விமானத்தைச் செய்தது. அந்த விமானம் முதன்முதலாகப் பறந்த நாள் 1935 டிசம்பர் 17. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. படைகளுக்குச் சுமை விமானம் தேவைப்பட்டது. டி.சி. 3 விமானத்தையே மாற்றி அமைத்தார்கள். தரையை வலுவாக்கினார்கள். கதவைப் பெரிதாக்கினார்கள். அமெரிக்கர்கள் அதைச் சி. 47 என்றார்கள். பிரிட்டிஷ் விமானப்படை அதற்கு டகோட்டா என்று பெயர் வைத்தது. நம் நாட்டில் அந்தப் பெயரே நிலைத்தது.

சுமார் 28 படைவீரர்கள் அதில் உட்காரலாம். அல்லது சுமார் 2,700 கிலோ சரக்கு ஏற்றலாம். ஒரு மூட்டை அரிசி 50 கிலோ என்றால் 54 மூட்டை.

"ஐம்பத்து நாலு மூட்டை!" என்றார் தாத்தா உள்ளே இருந்து. "எங்க முதுகுல எத்தனை நடை!"

நூறில் ஒன்று

ஆச்சியின் கேள்விக்குப் பேரன் பதில் சொன்னான்.

1 : 100 என்பதை 'ஒன்றுக்கு நூறு' என்று படிக்க வேண்டும். தாளில் 1 செ.மீ. இருந்தால் உண்மையில் அது 100 செ.மீ. ஆகும். 100 செ.மீ. என்பது 1 மீட்டர். அதாவது,

தாளில் 1 செ.மீ. = உண்மையில் 1 மீட்டர்.

இதற்கு விகிதம் என்று பெயர். உண்மைப் பொருளை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வதுதான் அளவு மாதிரி. சும்மா சின்னதாகச் செய்தால் அது பொம்மை. அளவு பார்த்துச் செய்தால் அது மாதிரி.

பேரன் டகோட்டாவின் அளவுகளை எழுதினான். ஆச்சி ஒவ்வொன்றாகப் படித்தார்.

இறக்கையின் ஒரு நுனி முதல் மறு நுனி வரை:
விமானத்தில் 29.1 மீட்டர். மாதிரியில் 29.1 செ.மீ.

மூக்கு முதல் வால் வரை:
விமானத்தில் 19.4 மீட்டர். மாதிரியில் 19.4 செ.மீ.

உயரம்:
விமானத்தில் சுமார் 5.2 மீட்டர். மாதிரியில் சுமார் 5.2 செ.மீ.

இரண்டு எஞ்சின்களுக்கும் இடையே உள்ள தூரம்:
விமானத்தில் சுமார் 5.6 மீட்டர். மாதிரியில் சுமார் 5.6 செ.மீ.

"எண்ணு மாறவே இல்லையே! மீட்டர் போயி செ.மீ. வந்திருக்கு, அவ்வளவுதானே?" என்றார் ஆச்சி.

"அவ்வளவுதான் ஆச்சி. நூறில் ஒன்று என்பதால் கணக்கு சுலபம்."

"அப்போ நான் எவ்வளவு உயரம் இருப்பேன்?"

பேரன் ஆச்சியைச் சுவரோரம் நிறுத்தி அளந்தான். 150 செ.மீ. இருந்தார். அதாவது ஒன்றரை மீட்டர். மாதிரியில் ஒன்றரை செ.மீ. தீக்குச்சியை அளந்து அந்த அளவுக்கு ஒரு துண்டு உடைத்தான். அதை அட்டை மேல் நிறுத்தினான்.

"இதுதான் நீங்க."

ஆச்சி அந்தக் குச்சியை நெடுநேரம் பார்த்தார்.

கோழிக்குக் கழுகு ரெக்கை

முதல் நாள் வேலையில் ஒரு தவறு நடந்தது. பேரனிடம் இரண்டு படங்கள் இருந்தன. உடல் பகுதியை ஒரு படத்தில் இருந்து வெட்டினான். இறக்கையை மற்றொரு படத்தில் இருந்து வெட்டினான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தான். இறக்கை மிகப் பெரிதாக இருந்தது.

"என்னலே இது? கோழிக்குக் கழுகு ரெக்கை வச்ச மாதிரி இருக்கு" என்றார் ஆச்சி.

ஆச்சி ஸ்கேலை எடுத்து இறக்கையை அளந்தார். 40.4 செ.மீ. இருந்தது. 29.1 இருக்க வேண்டும். தவறு எங்கே?

பெரியவர் இரண்டாவது படத்தின் மூலையைக் காட்டினார். அங்கே 1 : 72 என்று இருந்தது.

"இதுவும் ஒரு விகிதம்தான்" என்றார் அவர். "உலகம் முழுவதும் விமான மாதிரி செய்பவர்கள் இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். இது அடி, அங்குலக் கணக்கில் வந்தது. 6 அடிக்கு 72 அங்குலம். அதனால் இந்த விகிதத்தில் 6 அடி மனிதன் சரியாக 1 அங்குலம் உயரம் இருப்பான்."

1 : 72 தவறல்ல. 1 : 100 தவறல்ல. ஒரே மாதிரியில் இரண்டையும் கலந்ததுதான் தவறு. தொடங்கிய விகிதத்தை முடியும் வரை மாற்றக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது எண் பெரிதானால் மாதிரி சிறிதாகும். 1 : 72 மாதிரியை விட 1 : 100 மாதிரி சிறியது.

பேரன் புதிதாக இறக்கை வரைந்தான். இந்த முறை ஆச்சி அளந்து சரி என்று சொன்ன பிறகே கத்தரியை எடுத்தான்.

எப்படிச் செய்தார்கள்?

கடையில் வாங்கிய பொருள்கள் குறைவு. சார்ட் அட்டை, வெள்ளைப் பசை, அலுமினியத் தாள். மற்றவை வீட்டில் இருந்தன. தென்னை ஈர்க்குச்சி, சட்டைப் பொத்தான், பழைய நாளிதழ்.

உடல்: டகோட்டாவின் உடல் உருண்டையான குழாய் போன்றது. அகலம் சுமார் 2.5 மீட்டர். மாதிரிக்கு 2.5 செ.மீ. குழாய் வேண்டும். அதற்கு எவ்வளவு அகலமான அட்டை வேண்டும்? வட்டத்தின் குறுக்களவை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். 2.5-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 7.85. ஏறக்குறைய 8 செ.மீ. ஒட்டுவதற்கு 1 செ.மீ. சேர்த்து 9 செ.மீ. அகலத்தில் அட்டையை வெட்டினார்கள். உள்ளே மூன்று வட்ட வில்லைகள் வைத்தார்கள். வில்லை இருந்தால் குழாய் நசுங்காது.

பின்பக்கம் வால் நோக்கிக் குறுக வேண்டும். அங்கே கத்தரியால் கீறிக் கூம்பு போல் ஒட்டினார்கள். மூக்குக்குக் காகிதக் கூழ். ஆச்சி நாளிதழை ஊற வைத்து அரைத்தார். மாவு உருட்டிய கை அல்லவா! மூக்கு அழகாக வந்தது.

இறக்கை: நடுவில் அகலம் சுமார் 4.3 செ.மீ. நுனிக்குப் போகப் போகக் குறுகும். முன் விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்து போகும். பின் விளிம்பு ஏறக்குறைய நேராக இருக்கும். மேல்பக்கம் லேசாக வளைந்திருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் தட்டையாக இருக்கலாம். அட்டையை மடித்து உள்ளே ஈர்க்குச்சி வைத்தார்கள். வளைவும் வந்தது, வலுவும் வந்தது.

டகோட்டாவின் இறக்கை உடலுக்கு அடியில் இருக்கும். அதன் நடுப்பகுதி மட்டமாக இருக்கும். எஞ்சினுக்குச் சற்றுத் தள்ளி மேல்நோக்கிச் சாயும். பேரன் அங்கே அட்டையை லேசாகக் கீறி மடித்தான். இரு நுனிகளும் ஏறக்குறைய 1 செ.மீ. உயர்ந்தன.

எஞ்சின்: மார்க்கர் பேனா மேல் அட்டையைச் சுற்றி இரண்டு குழாய் செய்தார்கள். விசிறிக்கு மூன்று இலை. அதன் குறுக்களவு சுமார் 3.5 செ.மீ.

சக்கரம்: உண்மைச் சக்கரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு செ.மீ. அளவுள்ள சட்டைப் பொத்தான் சரியாகப் பொருந்தியது. முன்னே இரண்டு பெரிய சக்கரம். வாலின் கீழே ஒரு சிறிய சக்கரம். அதனால் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து இருக்கும். மூக்கு வானத்தைப் பார்க்கும்.

மேலே அலுமினியத் தாள் ஒட்டினார்கள். உண்மை டகோட்டாவும் அலுமினியத் தகட்டால் செய்ததுதான்.

கதவு எங்கே?

பேரன் சன்னல்களை வரைந்தான். ஒரு சின்னக் கதவும் வரைந்தான். பெரியவரிடம் காட்டினான்.

அவர் தலையை ஆட்டினார். "தம்பி, இது பயணிகள் விமானம். டகோட்டா இல்லை."

"ஏன் தாத்தா? எல்லா அளவும் சரிதானே?"

"கதவைப் பார். உன் கதவில் ஆள் நுழையலாம். ஜீப் நுழையுமா?"

சுமை விமானத்துக்கு உயிர் அதன் கதவில் இருக்கிறது. அந்தக் கதவு விமானத்தின் இடது பக்கம், பின்பகுதியில் இருக்கும். அகலம் சுமார் 2.1 மீட்டர். உயரம் சுமார் 1.8 மீட்டர். போர்க்கால ஜீப்பின் அகலம் சுமார் 1.6 மீட்டர். சாய்வுப் பலகை வைத்து ஜீப்பை உள்ளே ஏற்றுவார்கள். பெட்டிகள் ஏறும். காயம்பட்டவரைப் படுத்த நிலையிலேயே தூக்குப் படுக்கையோடு ஏற்றலாம்.

"உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் என்ன பயன்?" என்றார் பெரியவர். "வாசலில் நுழையாத பொருளுக்கு அந்த இடம் உதவாது. முதலில் எது உள்ளே போக வேண்டும் என்று பார்க்க வேண்டும். பிறகுதான் கதவை வரைய வேண்டும்."

பேரன் பழைய கதவின் மேல் தாளை ஒட்டி மறைத்தான். 2.1 செ.மீ. அகலத்தில் புதிய கதவு வரைந்தான்.

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தார். தாத்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கதவு வழியாக ஏறியவர்கள்

பசை காய வேண்டும். அதுவரை பெரியவர் டகோட்டாவின் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரின்போது அசாமில் இருந்து சீனாவுக்குச் சரக்கு போனது. தரை வழி அடைபட்டிருந்தது. இந்த வகை விமானங்கள் இமயமலையின் கிழக்குப் பகுதியைத் தாண்டிப் பறந்தன. பல விமானங்கள் மலையில் விழுந்தன. பல விமானிகள் திரும்பவில்லை.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் காஷ்மீரில் ஆயுதம் தாங்கிய கூட்டம் நுழைந்தது. ஸ்ரீநகர் ஆபத்தில் இருந்தது. தரை வழியாகப் படை போகப் பல நாள் ஆகும். அக்டோபர் 27-ஆம் நாள் காலை தில்லியில் இருந்து டகோட்டாக்கள் புறப்பட்டன. சீக்கிய ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் அவற்றில் ஏறியது. ஸ்ரீநகர் விமானத் தளத்தில் இறங்கியது. படைக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ரஞ்சித் ராய் அன்றே போரில் உயிர் இழந்தார். ஆனால் விமானத் தளம் காக்கப்பட்டது. தொடர்ந்து விமானங்கள் வந்து இறங்கின.

பூஞ்ச் என்ற ஊர் முற்றுகையில் சிக்கியது. அங்கும் டகோட்டாக்கள் உணவும் மருந்தும் கொண்டு போயின. திரும்பும்போது காயம்பட்டவர்களையும் அகதிகளையும் ஏற்றி வந்தன. 1948 மே 24-ஆம் நாள் மெகர் சிங் என்ற விமானி லடாக்கில் உள்ள லே நகரில் டகோட்டாவை இறக்கினார். அவருடன் ஜெனரல் திம்மையாவும் போனார். அந்த இடத்தின் உயரம் 10,000 அடிக்கும் மேல். மெகர் சிங்குக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது.

டகோட்டா போருக்கு மட்டும் உழைக்கவில்லை. 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானங்கள் தொடங்கின. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் இருந்தும் இரவில் விமானங்கள் புறப்படும். நடு இரவில் நாகபுரியில் சந்திக்கும். தபால் பைகளை மாற்றிக் கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் தொடங்கியது. அப்போது அதனிடம் இருந்த விமானங்களில் 70-க்கும் மேற்பட்டவை டகோட்டாக்கள்.

"தபாலும் கொண்டு போச்சா?" என்றார் ஆச்சி. "எங்க அம்மைக்கு நான் போட்ட காயிதமெல்லாம் அடுத்தவங்க கையால எழுதினது. நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதுவாங்க. எல்லாத்தையும் சொல்ல முடியுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

மாதிரி எதற்கு?

மாதிரி என்பது அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள் மட்டும் அல்ல.

1930-களில் டக்ளஸ் நிறுவனம் டி.சி. 1 என்ற விமானத்தைச் செய்தது. டகோட்டாவுக்கு அதுதான் மூதாதை. அதை முழு அளவில் கட்டும் முன் சிறிய மாதிரி செய்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு பெரிய காற்றுக் குகையில் அதை வைத்தார்கள். விசிறியால் பலமான காற்றைச் செலுத்தினார்கள். விமானம் பறக்கும்போது நிலை தடுமாறும் என்று மாதிரி காட்டிக் கொடுத்தது. உடனே இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். தடுமாற்றம் நீங்கியது. பேரன் வரைந்த இறக்கையின் முன் விளிம்பு சாய்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

போர்க் காலத்தில் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் விமான மாதிரிகள் செய்து கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய மாதிரிகள் அவை. விகிதம் 1 : 72. படைவீரர்கள் அவற்றைப் பார்த்துப் பழகினார்கள். வானில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று அடையாளம் காணக் கற்றார்கள்.

சிறியதில் தவறு தெரிந்தால் தாளோடு போகும். பெரியதில் தவறு தெரிந்தால் பணம் போகும். சில நேரம் உயிரும் போகும்.

வீட்டுப் பிளான்

அன்று இரவு ஆச்சி வீட்டுப் பிளானை எடுத்து வரச் சொன்னார். வீடு கட்ட அரசு உதவித் தொகை கிடைத்திருந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட வேண்டும். மனை ஆச்சியின் பெயரில் இருந்தது. அதனால் பிளானில் ஆச்சிதான் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மேஸ்திரி வந்து வாங்கிக் கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"கையெழுத்துத்தானே அத்தை? போட்டுக் கொடுத்துருங்க" என்றாள் மருமகள்.

"இரு தாயி" என்றார் ஆச்சி. பேரனின் ஸ்கேலை வாங்கினார்.

படுக்கை அறையை அளந்தார். நீளம் 3 செ.மீ. "மூணு மீட்டர்." அகலம் 2.7 செ.மீ. "ரெண்டே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சரி." சமையல் அறையை அளந்தார். அதுவும் சரி. பிறகு குளியல் அறைக் கதவுக்கு வந்தார். கோடு மிகவும் சிறியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டார். மில்லிமீட்டர் கோடுகளை எண்ணினார்.

ஆறு கோடு. 0.6 செ.மீ.

"அப்படின்னா உண்மையில?"

"60 செ.மீ. ஆச்சி" என்றான் பேரன்.

"டேப்பை எடு."

ஆச்சி தாத்தாவின் சக்கர நாற்காலியை அளந்தார். ஒரு சக்கரத்தின் வெளிப்பக்கம் முதல் மறு சக்கரத்தின் வெளிப்பக்கம் வரை. 66 செ.மீ.

வீடு அமைதியானது. வீட்டுக்கு எல்லாம் இருந்தது. சன்னல் இருந்தது. அலமாரி இருந்தது. ஆனால் தாத்தா அந்த வீட்டின் குளியல் அறைக்குள் போக முடியாது. கட்டி முடித்த பிறகு தெரிந்தால் சுவரை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரைத் தினமும் ஒருவர் தூக்கிக் கொண்டு போக வேண்டும்.

"எது உள்ள போகணும்னு முதல்ல பாக்கணும்" என்றார் ஆச்சி மெல்ல. "பொறவுதான் கதவு."

மறுநாள் மேஸ்திரி வந்தார். ஆச்சி பிளானை விரித்தார். கதவைக் காட்டினார். நாற்காலியைக் காட்டினார். மேஸ்திரி டேப்பால் அளந்து பார்த்தார்.

"உண்மைதான் அம்மா. வழக்கமாகப் போடுகிற அளவைப் போட்டுவிட்டோம். யாரும் சொல்லவில்லையே" என்றார்.

"இப்ப சொல்லுதேன். 90 செ.மீ. வேணும்."

"தாராளமாகப் போடலாம். சுவர் எழும்பும் முன்னே சொன்னது நல்லதாகப் போயிற்று."

ஆச்சி பேனாவை வாங்கினார். கதவின் பக்கத்தில் தன் கையால் எழுதினார்.

கதவு 90 செ.மீ.

எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் எவரும் படிக்கலாம். திருத்திய பிளான் மூன்றாம் நாள் வந்தது. ஆச்சி மீண்டும் அளந்தார். 0.9 செ.மீ. இருந்தது. அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

வி.பி. 905

மாதிரி முடியும் நிலைக்கு வந்தது. இறக்கையில் விமானப்படையின் வட்டம் வரைந்தார்கள். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. வால் பக்கம் எழுத ஓர் எண் வேண்டும்.

"வி.பி. 905 என்று எழுது" என்றார் பெரியவர்.

அது 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண். இன்று அதே எண்ணோடு வேறொரு டகோட்டா இருக்கிறது. அது 1944-இல் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் பழுதாகிக் கிடந்தது. கேரளத்தைச் சேர்ந்த எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர் 2011-இல் அந்த விமானத்தை வாங்கினார். பல ஆண்டுகள் செலவிட்டுப் பழுது பார்க்கச் செய்தார். பிறகு விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார்.

2018 ஏப்ரல் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் இருந்து அது புறப்பட்டது. பல நாடுகளில் இறங்கி இறங்கி வந்தது. ஏப்ரல் 25-ஆம் நாள் குஜராத்தில் உள்ள ஜாம்நகரை அடைந்தது. மே 4-ஆம் நாள் தில்லிக்கு அருகே ஹிண்டன் தளத்தில் விமானப்படையில் சேர்ந்தது. அதற்குப் பரசுராமர் பெயரை வைத்தார்கள். அப்போது அந்த விமானத்துக்கு வயது 74.

"எழுபத்து நாலு வயசுல இவ்வளவு தூரம் பறந்துச்சா?" என்றார் ஆச்சி. "அப்போ எனக்கு என்ன, அறுபத்தாறுதானே!"

பேரன் மாதிரியைத் திண்ணையில் வைத்தான். மூக்கு வானத்தைப் பார்த்தது. பெரிய கதவின் பக்கத்தில் ஒன்றரை செ.மீ. தீக்குச்சியை ஒட்டினான். ஆச்சி அதன் அருகே இன்னொரு சிறிய பொருளை வைத்தார். அட்டையால் செய்த சக்கர நாற்காலி. அதன் அகலத்தை அவரே அளந்து வெட்டியிருந்தார்.

0.66 செ.மீ. அது டகோட்டாவின் கதவில் தாராளமாக நுழைந்தது.

தெரிந்து கொண்டோம்

விகிதம் என்பது உண்மை அளவுக்கும் தாளில் உள்ள அளவுக்கும் உள்ள தொடர்பு.
1 : 100 என்றால் தாளில் 1 செ.மீ., உண்மையில் 1 மீட்டர்.
ஒரே மாதிரியில் ஒரே விகிதம்தான் இருக்க வேண்டும்.
பிளானில் கையெழுத்துப் போடும் முன் அளந்து பார்க்க வேண்டும்.

செய்து பார்ப்போம்

1. ஒரு பிளானில் விகிதம் 1 : 100 என்று இருக்கிறது. அறையின் நீளம் தாளில் 3.5 செ.மீ. உண்மை நீளம் எத்தனை மீட்டர்?

2. 1 : 100 மாதிரியில் நீங்கள் எத்தனை செ.மீ. உயரம் இருப்பீர்கள்? அளந்து பாருங்கள்.

3. 1 : 48 மாதிரி பெரியதா? 1 : 72 மாதிரி பெரியதா? ஏன்?

4. உங்கள் வீட்டுக் கதவின் அகலத்தை அளந்து எழுதுங்கள். சக்கர நாற்காலி அதில் நுழையுமா?

5. உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து அளந்து, 1 : 100 விகிதத்தில் ஒரு தாளில் வரையுங்கள். வாசலை மறக்காதீர்கள்.